கோமுகத்தில் நாம் காண்பது கல்மேடா, பனியாறா?

வாசகர் ஒருவரின் பதிவு, 21 மே 2025

கல்லூரி நண்பர்களோடு முதுகுப்பையைத் தூக்கிக்கொண்டு உத்தரகாண்டின் கங்கோத்ரியிலிருந்து கோமுகம் வரை நடந்துபோய் வந்தோம். கங்கோத்ரிப் பனியாறு இமயமலையின் பெரிய பனியாறுகளில் ஒன்று என்று படித்துவிட்டுப் போன எங்கள் கண்ணில் பட்டதெல்லாம் சாம்பல் நிறக் கல்லும் மண்ணும், நடுவே அழுக்கடைந்த ஒரு பனிச்சுவரும்தான். பனியாறு ஏறக்குறைய உருகி முடிந்துவிட்டது என்றே நினைக்கிறேன். இவ்வளவு பாடுபட்டு அங்கே போக வேண்டியதில்லை என்பது என் கருத்து. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் சொல்லுங்கள்.

22 மே 2025

எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. நீங்கள் பார்த்த அந்தக் கல்மேடுதான் பனியாறு. கல்லுக்கும் மண்ணுக்கும் கீழே பல பத்து மீட்டர் தடிமனில் பனிக்கட்டி கிடக்கிறது. சௌகம்பா மலைத்தொகுதியின் அடிவாரத்தில் தொடங்கி, வடமேற்காக ஏறத்தாழ 30 கிலோமீட்டர் இறங்கிவந்து, கடல்மட்டத்திலிருந்து சுமார் 4,000 மீட்டர் உயரத்தில் அது முடிகிற இடம்தான் கோமுகம். நீங்கள் கங்கோத்ரியிலிருந்து நடந்தது 18 கிலோமீட்டர். அதைவிட ஒன்றரை மடங்குக்கும் மேலான நீளம் அந்த வளைவுக்குப் பின்னால் இருக்கிறது. கோமுகத்தில் நிற்பவருக்கு அதில் மிகச் சிறிய பகுதிதான் தெரியும்.

கல் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். இருபுறமும் செங்குத்தாக நிற்கும் மலைகளில் பகலில் உருகும் நீர் பாறை இடுக்குகளில் இறங்கி இரவில் உறைகிறது. உறையும்போது விரிந்து பாறையைப் பிளக்கிறது. பிளந்த கல் பனியின்மேல் விழுகிறது. பனியோ நகர்ந்துகொண்டே இருப்பதால் விழுந்த கல்லையெல்லாம் சுமந்துகொண்டு கீழே வருகிறது. கீழே வரவரப் பனி உருகுகிறது, கல் உருகுவதில்லை. ஆகவே பனியாற்றின் கடைசிப் பகுதியில்தான் கல் மிகுதியாகச் சேர்ந்திருக்கும். நாம் எல்லோரும் நடந்துபோய்ப் பார்ப்பதும் அந்தக் கடைசிப் பகுதியைத்தான். வெண்ணிறமாகத் தெரியும் பகுதி மேலே வெகுதூரத்தில் இருக்கிறது.

22 மே 2025, இரவு

ஒன்றைச் சேர்க்க மறந்தேன். பனியாறு கோமுகத்தில் "தொடங்குகிறது" என்று இங்கே இன்னொருவர் எழுதியிருக்கிறார். கோமுகத்தில் தொடங்குவது கங்கையின் தலையாறான பாகீரதி. பனியாறு அங்கே முடிகிறது.

24 மே 2025

நண்பர்களோடு நான் போனபோது முதல்நாள் எங்களுக்குள்ளும் இதே பேச்சுத்தான் நடந்தது. கோமுகத்துக்கு முந்தைய தங்குமிடமான போஜ்பாசாவில் பருப்பும் சோறும் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் ஒரு நண்பன், "நாளைக்குப் போய் என்ன பார்க்கப் போகிறோம், இந்தக் கல்லைத்தானே?" என்று அலுத்துக்கொண்டான். மறுநாள் வழிகாட்டியோடு பனியாற்றின்மேல் ஏறி, கோமுகத்துக்கு மேலே உள்ள தபோவனம் என்ற புல்வெளிப் பக்கமாகக் கடந்துபோனோம். அந்தப் பேச்சு அதற்குப்பின் எழவில்லை.

அந்தக் கல்வெளியில் கால் வைத்த சற்று நேரத்தில் வழிகாட்டி எங்களை நிற்கச் சொன்னார். தட்டையான ஒரு கல்லைத் தன் கோலால் நெம்பிப் புரட்டினார். வெயிலில் கல்லின் மேற்புறம் சூடாக இருந்தது. அடிப்புறம் ஈரமாக, மாவுபோன்ற மண் ஒட்டிக்கொண்டிருந்தது. கல் கிடந்த இடத்தில் கறுத்த பனிக்கட்டி. அதனுள் பொடிக்கற்கள் பதிந்திருந்தன. கையால் துடைத்தபோது கறுப்புக்கடியில் தெளிவான நீலச்சாயல் தெரிந்தது. அலுத்துக்கொண்ட நண்பன்தான் முழங்காலிட்டு நெடுநேரம் அதைத் துடைத்துக்கொண்டிருந்தான். எல்லோரும் பேசாமல் நின்றபோது காலுக்கடியில் எங்கோ ஆழத்தில் நீர் ஓடும் ஓசை கேட்டது. நாம் மலையின்மேல் நிற்கவில்லை, நகரும் ஒன்றின்மேல் நிற்கிறோம் என்ற உணர்வு அப்போதுதான் உடம்புக்கு வந்தது.

இன்னும் சிறிது தூரத்தில், ஒரு பெரிய தட்டைப் பாறை பனிக்கட்டித் தூண் ஒன்றின்மேல் தனியாக ஏறி நின்றுகொண்டிருந்தது. யாரும் அதைத் தூக்கி வைக்கவில்லை. பாறையின் நிழலில் இருந்த பனி உருகாமல் நின்றது, சுற்றியிருந்தது உருகித் தாழ்ந்தது, அவ்வளவுதான். அதை விளங்கிக்கொண்ட பிறகு அந்தக் கல்வெளி முழுவதும் வேறாகத் தெரியத் தொடங்கியது. ஒவ்வொரு மேட்டுக்கும் பள்ளத்துக்கும் ஒரு காரணம் இருந்தது.

25 மே 2025

அந்தக் காரணத்தைச் சற்று விரித்துச் சொல்கிறேன், ஏனெனில் "கல் மூடியிருப்பதால் பனி பத்திரமாக இருக்கும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது பாதிதான் உண்மை. கல் உறை தடிமனாக இருந்தால் வெயில் உள்ளே போகாது, பனி மெதுவாக உருகும். ஒன்றிரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவான தூசுப்படலமாக இருந்தாலோ, கறுப்பு நிறம் வெப்பத்தை இழுத்துக் கீழே கடத்துவதால், வெறும் பனியைவிட வேகமாக உருகும். தடித்த உறை உள்ள இடத்திலும் ஆங்காங்கே சுவர்போல் வெட்டுப்பட்ட பனிமுகங்களும் சிறு குளங்களும் உண்டு. உருகுதல் மிக வேகமாக நடப்பது அந்த இடங்களில்தான். நாங்கள் கடந்துபோன ஒரு குளத்தின் நீர் பச்சை கலந்த சாம்பல் நிறத்தில் இருந்தது. கரையிலிருந்த பனிச்சுவரிலிருந்து கற்கள் சரசரவென்று வழுக்கி அதில் விழுந்துகொண்டே இருந்தன. அப்படிப்பட்ட சுவருக்குக் கீழே எவரும் ஒரு நிமிடம்கூட நிற்கக்கூடாது.

28 மே 2025

"அப்படியானால் பனியாறு சுருங்குகிறது என்பது பொய்யா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். இல்லை, அது பொய்யில்லை. நான் மேலே எழுதியதை யாரும் அப்படி எடுத்துக்கொள்ளக்கூடாது என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

1935-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ஜே.பி. ஆடன் கோமுகத்தை அளந்து நிலப்படமாக வரைந்தார். அந்தப் படத்தோடு பிற்கால அளவைகளை ஒப்பிட்டுத்தான், 20-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் பனியாற்றின் முகப்பு ஒரு கிலோமீட்டருக்கும் மேல் பின்வாங்கியது என்று சொல்கிறார்கள். ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 20 மீட்டர். எல்லா ஆண்டும் ஒரே வேகம் இல்லை. சில காலம் விரைவாகவும் சில காலம் மெதுவாகவும் நடந்திருக்கிறது. முன்பு பெரிய பனியாற்றோடு வந்து கலந்த சதுரங்கி போன்ற கிளைப் பனியாறுகள் இப்போது அதை எட்டாமல் தனியாக நின்றுவிட்டன.

பின்வாங்குவது என்றால் பனி மலைமேல் திரும்பி ஏறுகிறது என்று பொருளில்லை. பனி இன்றும் கீழ்நோக்கித்தான் நகர்கிறது. வந்துசேரும் பனியைவிட முகப்பில் உருகிப்போவது அதிகம், ஆகவே முடியும் இடம் மேலே மேலே போகிறது. இந்த ஒரு செய்தியைப் புரிந்துகொள்ளாமல் பலர் கோமுகத்தில் நின்று படமெடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள் என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

29 மே 2025

அடுத்த கேள்வியும் உடனே வந்துவிட்டது: பனியாறு உருகிவிட்டால் கங்கையே வற்றிவிடுமா? சமவெளியில் ஓடும் கங்கையின் நீரில் பெரும்பங்கு பருவமழையும் நிலத்தடி ஊற்றும் தருவது. யமுனை, காக்ரா, கண்டகி, கோசி என்று வழிநெடுக ஆறுகள் வந்து சேர்கின்றன. ஆகவே முற்றிலும் வற்றிவிடும் என்பது சரியில்லை. ஆனால் உத்தரகாசி, தெஹ்ரி போன்ற மேற்பகுதிகளில் மழைக்கு முந்தைய கோடை மாதங்களில் ஆறு ஓடுவது பெரிதும் உருகுநீரால்தான். அங்கே வாழ்பவர்களுக்கு இது தொலைவில் நடக்கும் விஷயமில்லை.

2 ஜூன் 2025

நண்பர்கள் கூட்டமாகப் போவது பற்றித் தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். என் பட்டறிவில் பனியாற்றைவிடக் கூட்டம்தான் பெரிய சிக்கல். வேகமாக நடப்பவர்கள் முன்னே போய்விடுவார்கள், மெதுவாக நடப்பவர் தனியாகப் பின்தங்குவார், அவருக்குத் தலைவலி வந்ததே மாலையில்தான் மற்றவர்களுக்குத் தெரியும். எங்கள் குழுவில் மிக மெதுவாக நடந்த தோழியை முதலில் நடக்கவிட்டோம். முதல் ஒரு மணிநேரம் சிலருக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு யாருக்கும் மூச்சு வாங்கவில்லை, எல்லோரும் சுற்றிலும் பார்த்துக்கொண்டு நடந்தோம், போஜ்பாசாவுக்கு முன் வரும் சிர்பாசாவின் சரிவில் மேய்ந்த நீலாடுகளைக் கண்டோம்.

உயரக் கணக்கைக் கவனியுங்கள். ரிஷிகேஷ் 400 மீட்டருக்கும் கீழே. உத்தரகாசி சுமார் 1,150. கங்கோத்ரி சுமார் 3,100. போஜ்பாசா சுமார் 3,800. ரிஷிகேஷில் காலையில் வண்டியேறி இரவு கங்கோத்ரியில் படுத்து மறுநாள் போஜ்பாசாவில் படுப்பவர்கள் உடம்பைப் பெரிதும் வருத்துகிறார்கள். 3,000 மீட்டருக்கு மேல் ஒவ்வோர் இரவும் படுக்கும் உயரத்தை 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்பது மலையேறிகளின் பொதுவிதி. கங்கோத்ரிக்கு முன் வரும் ஹர்சிலில் ஓர் இரவு, கங்கோத்ரியில் இரண்டு இரவு தங்குங்கள். சிர்பாசாவில் கூடாரம் அடிக்க அனுமதி கிடைத்தால் அங்கேயும் ஓர் இரவு இருங்கள். 3,600 மீட்டர் அளவில் அது நல்ல படிக்கட்டு.

தலைவலியோடு வாந்தியும் தள்ளாட்டமும் வந்தால் இறங்கிவிட வேண்டும். இரவானாலும் துணையோடு இறங்க வேண்டும். எங்களில் ஒருவன் போஜ்பாசாவில் சோற்றைப் பார்க்கவே முடியாமல் படுத்துவிட்டான். விடிந்ததும் அவனோடு இன்னொருவன் கங்கோத்ரிக்கு இறங்கினான். அந்த இரண்டாமவன் கோமுகத்தைப் பார்க்கவில்லை. அவனுக்குக் கடன்பட்டிருக்கிறேன் என்று இன்றும் நினைக்கிறேன்.

3 ஜூன் 2025

அனுமதி பற்றி: கங்கோத்ரி தேசியப் பூங்கா 1989-இல் அமைந்தது. கோமுகப் பாதை முழுவதும் அதற்குள் வருகிறது. நாளொன்றுக்கு 150 பேருக்குத்தான் அனுமதி. கங்கோத்ரியிலிருந்து சுமார் இரண்டு கிலோமீட்டரில் உள்ள கன்கு சோதனைச்சாவடியில் சீட்டைக் காட்ட வேண்டும். கோமுகத்தைத் தாண்டித் தபோவனம் போவதற்குத் தனி அனுமதியும் வழிகாட்டியும் வேண்டும். பயண நிறுவனம் ஒன்று எங்களிடம் எல்லா அனுமதிக்கும் பணம் வாங்கிக்கொண்டு கோமுகம் வரைக்கான சீட்டை மட்டும் எடுத்திருந்தது. கங்கோத்ரியில்தான் அது தெரிந்தது. சீட்டை உங்கள் கையில் வாங்கி, அதில் எழுதியிருக்கும் இடத்தின் பெயரைப் படித்துப் பார்த்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.

9 ஜூன் 2025

போஜ்பாசாவில் மரமே இல்லையே, பிறகு ஏன் அந்தப் பெயர் என்று கேட்டவருக்கு: போஜ மரங்கள் (பிர்ச் வகை) ஒருகாலத்தில் அங்கே அடர்ந்திருந்தன. பக்தர்களுக்கும் மலையேற்றக் குழுக்களுக்கும் அடுப்பெரிக்க வெட்டப்பட்டு அழிந்தன. மலையேற்ற வீராங்கனை ஹர்ஷ்வந்தி பிஷ்ட், பின்னாளில் இந்திய மலையேற்றக் கூட்டமைப்பின் முதல் பெண் தலைவராக 2021-இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர், 1990-களில் அங்கே போஜக் கன்றுகளை நட்டு வளர்க்கும் வேலையைத் தொடங்கினார். அந்த உயரத்தில் ஒரு கன்று இடுப்பளவு வளர்வதற்கே பல ஆண்டுகள் ஆகும். ஆடும் கோவேறு கழுதையும் அதைக் கடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கல்லடுக்கு வேலிக்குள் நிற்கும் கன்றுகளைப் பார்த்தால் தயவுசெய்து வேலிக் கல்லை எடுத்துக் கூடாரத்துக்கு முட்டுக் கொடுக்காதீர்கள். கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

10 ஜூன் 2025

விறகு எரிக்காதீர்கள். மண்ணெண்ணெய் அடுப்போ எரிவாயு அடுப்போ எடுத்துச் செல்லுங்கள்.

21 ஜூன் 2025

காலையில் போங்கள் என்று எல்லோரும் சொல்வதன் காரணத்தை ஒருவர் கேட்டிருந்தார். வெயில் ஏறஏறப் பனி உருகி, பிற்பகலில் ஓடைகள் பெருகும். காலையில் கல்தாண்டிக் கடந்த ஆகாச கங்கை ஓடையை மாலையில் அதே இடத்தில் கடக்க முடியாது. பாறையைப் பிடித்திருந்த இரவுப்பனி இளகுவதால் கல் உருளுவதும் பிற்பகலில்தான் மிகுதி. சிர்பாசாவுக்கும் போஜ்பாசாவுக்கும் நடுவே உள்ள சரிவுப் பகுதியில் இடைவெளிவிட்டு, பேசாமல், மேலே ஒரு கண் வைத்துக்கொண்டு விரைவாகக் கடக்க வேண்டும். அங்கே நின்று படமெடுக்கக்கூடாது.

இந்த அறிவுரை மே, ஜூன் மாதங்களுக்கு முழுதாகப் பொருந்தும். செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும் ஓடைகள் வற்றிவிடும், அப்போது காலையில் கல்லின்மேல் மெல்லிய கண்ணாடிப்பனி படிந்திருப்பதுதான் ஆபத்து. அந்த மாதங்களில் வெயில் பாதையில் விழுந்த பிறகு புறப்படுவது நல்லது. காட்சி தெளிவாக இருப்பதும் அப்போதுதான். 6,543 மீட்டர் உயர சிவலிங்கச் சிகரத்தை நான் முழுதாகக் கண்டது ஓர் அக்டோபர் காலையில்.

30 ஜூன் 2025

தபோவனம் எப்படி இருக்கும் என்று பலர் கேட்டுவிட்டீர்கள். 4,400 மீட்டருக்கு மேலான உயரத்தில், சிவலிங்கத்தின் அடியில் விரியும் புல்வெளி. கீழே அவ்வளவு கல்லைக் கடந்த பிறகு அங்கே புல்லும் தெளிந்த நீரோடையும் இருப்பது கண்ணுக்கு ஆறுதல். ஆனால் நான் உங்களைத் தபோவனத்துக்கு அனுப்ப விரும்புவது புல்வெளிக்காக இல்லை. அதன் விளிம்பில் நின்று கீழே பாருங்கள். பனியாறு அங்கிருந்துதான் பனியாறாகத் தெரியும்: எதிரே பாகீரதிச் சிகரங்கள் மூன்றும் நிற்க, அவற்றின் அடியில் கல்வரிகள் நீளவாக்கில் ஒன்றையொன்று ஒட்டி வளைந்து வருகின்றன. ஒவ்வொரு வரியும் ஒவ்வொரு கிளைப் பனியாறு கொண்டுவந்து சேர்த்தது. இரண்டு ஆறுகள் கலந்த பிறகும் வெகுதூரம் நிறம் கலக்காமல் ஓடுவதுண்டு அல்லவா, தேவப்பிரயாகையில் பாகீரதியும் அலக்நந்தாவும் அப்படித்தான். இங்கே பனி அதையே செய்கிறது.

ஏறும் வழி பற்றி ஒரு குறிப்பு. 2017 ஜூலை மழையில் மேரு பனியாற்றுப் பக்கமிருந்து வந்த வெள்ளம் பெரும் கற்குவியலைக் கொண்டுவந்து கோமுகத்தின் எதிரே தள்ளியது. முகப்பின் தோற்றமே மாறிவிட்டது. அதற்குப்பின் பலர் போஜ்பாசாவில் கம்பியில் ஓடும் கூடையில் ஆற்றைக் கடந்து மறுகரை வழியாக ஏறுகிறார்கள். பழைய பயணக்குறிப்பை நம்பி யாரும் தாங்களாகவே பனியாற்றில் வழி தேட வேண்டாம். அங்கே பாதை என்று எதுவும் நிலையாக இல்லை. சென்ற ஆண்டு அடுக்கிய அடையாளக் கற்கள் இந்த ஆண்டு பிளவுக்குள் கிடக்கும்.

6 ஆகஸ்ட் 2025

நேற்று தராலியில் நடந்ததை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஹர்சிலுக்கும் கங்கோத்ரிக்கும் நடுவே, கீர் கட் ஓடை வழியாக இறங்கிய சேற்று வெள்ளம் சில நிமிடங்களில் வீடுகளையும் விடுதிகளையும் கொண்டுபோய்விட்டது. அந்த ஊரின் ஆப்பிள் தோட்டத்தருகே வண்டியை நிறுத்தித் தேநீர் குடித்தவர்களில் நானும் ஒருவன். கடைக்காரரின் முகம் நினைவில் இருக்கிறது. வேறு எழுத இப்போது மனம் வரவில்லை.

14 ஆகஸ்ட் 2025

"இந்த ஆண்டு போகலாமா?" என்று இன்றும் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். சாலை அறுந்து கிடக்கும்போது, மீட்புப்பணிக்குச் செல்லும் வண்டிகளுக்கே வழி போதாதபோது, நாம் முதுகுப்பையோடு போய் நிற்பது முறையில்லை. உத்தரகாசி மாவட்ட நிர்வாகம் சாலை திறந்ததாக அறிவிக்கும்வரை காத்திருங்கள். திறந்த பிறகு போவது வேறு. அப்போது அந்த மக்களின் கடையில் சாப்பிட்டு, அவர்களின் வீட்டில் வாடகைக்குத் தங்குவது அவர்களுக்கு உதவி.

இந்த இழையில் நான் முன்பு எழுதாத ஒன்றை இப்போது எழுத வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் இந்தப் பள்ளத்தாக்குக்குப் போகவே கூடாது. மழைக்காலத்தில் கூட்டம் குறைவு, விடுதி மலிவு என்று சொல்லி அழைப்பார்கள். மலைச்சரிவில் கிடக்கும் தளர்ந்த கல்லும் மண்ணும் பெருமழையில் எந்த ஓடையில் இறங்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. பனியாறுகள் பின்வாங்கும்போது விட்டுச்செல்லும் கற்குவியலும் இமயமலையின் மேட்டுப் பள்ளத்தாக்குகளில் அப்படித் தளர்ந்துதான் கிடக்கிறது.

27 செப்டம்பர் 2025

குளிருக்கு என்ன எடுத்துச்செல்வது என்று கேட்டவருக்குக் கடைசியாகப் பதில் எழுதுகிறேன், காத்திருக்க வைத்ததற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். கனமான ஒரே உடுப்பை விட மெல்லியவை மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அணிவது நல்லது. காலுறை நான்கு இணை, அதில் ஓர் இணை இரவுக்கு மட்டும். உள்ளங்கை மூடும் கையுறை. கணுக்காலைப் பிடிக்கும் காலணியை ஊரிலேயே ஒரு மாதம் போட்டு நடந்து பழக்குங்கள். புதுக் காலணியோடு அந்தக் கல்லில் இறங்கினால் பாதம் முழுக்கக் கொப்புளம். கறுப்புக்கண்ணாடி கட்டாயம், புதுப்பனி விழுந்த மறுநாள் கண் கூசி நீர் வடியும். போர்வை போஜ்பாசா விடுதியில் கிடைக்கும், ஆனால் கூட்டம் மிகுந்தால் ஆளுக்கொன்றுதான் வரும். ஆகவே உறங்குபையை உத்தரகாசியில் வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள், எடுக்கும்போதே விரித்து, சங்கிலிப்பூட்டு (ஜிப்) முழுதாக மூடுகிறதா என்று பாருங்கள்.